இரண்டாவது கம்பம்

எங்கள் தெருக் குரங்குகளுக்குக் கேரட் அல்வா பிடிக்காது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். கொடைக்கானல் குரங்கு எதையும் தின்னும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்கு வருபவை சமையலறை ஜன்னல் வழியாக இறங்கி, ஃப்ரிட்ஜைத் திறந்து, அல்வாக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். போகும்போது கதவை மூடிவிட்டுப் போகும். கரண்ட் பில்லைப் பற்றி அவற்றுக்கும் கவலை உண்டு.

கதவை மூடுவது மட்டும் நானாகச் சேர்த்தது. மற்றதெல்லாம் உண்மை. இந்த வாக்குமூலத்தில் எங்கெல்லாம் சேர்க்கிறேனோ அங்கெல்லாம் உடனே சொல்லிவிடுகிறேன். கூட்டிச் சொல்ல மாட்டேன் என்று மேல் வீட்டுச் சண்முகசுந்தரி அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏட்டையாவை எழுதச் சொல்லாமல் என்னிடமே காகிதத்தைக் கொடுத்ததற்கு நன்றி. ஏட்டையா நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றையும் சுருக்கிவிடுகிறார். காலையில் நான் ஒரு மணி நேரம் பேசியதை அவர் "வாதி வயோதிகர், பேச்சில் ஆர்வமுள்ளவர்" என்று முடித்துவிட்டார். நான் வாதி இல்லை. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சிவமுருகன். பள்ளியில் பி.டி. மாஸ்டராகவும் என்.சி.சி. அதிகாரியாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். போன வாரம் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சர்வேயர் சுப்புராஜ் காட்டுமாடு முட்டி இறந்துபோனார். நாளைக் காலையில் அந்த மாட்டைப் பிடிக்க மயக்க ஊசித் துப்பாக்கியோடு வனத்துறை ஆட்கள் வருகிறார்கள். வயதான மாடு. ஊசி போட்டால் திரும்ப எழுந்து நிற்பது சந்தேகம் என்று அவர்களுடைய டாக்டரே சொல்லிவிட்டார். மாட்டின்மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் நானாகவே நடந்து இங்கே வந்தேன். யாரும் என்னை அழைத்து வரவில்லை என்பதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருந்த துப்பாக்கி குரங்குக்காக வந்தது. என் மகள் தாரணி கோயம்புத்தூரிலிருந்து ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். ஏர்சாஃப்ட் பிஸ்டல் என்று பெட்டியில் போட்டிருந்தது. பார்வைக்கு நிஜம்போலவே இருக்கும். உள்ளே ஸ்பிரிங், பட்டாணியைவிடச் சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் குண்டு. பட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். "சும்மா பயம் காட்டுறதுக்குத்தாம்பா, மேல படுற மாதிரி அடிக்காதீங்க" என்று போனில் சொன்னாள். அவள் பயந்திருக்கவே வேண்டாம். முதல் குண்டு கல்யாண வீட்டில் எறிகிற அட்சதை மாதிரி மெதுவாக எழும்பி, மெதுவாக இறங்கியது. எதிரே மதிலில் இருந்த குரங்கு அதை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் துப்பியது.

என்னைப் பார்த்துத் துப்பியது என்பது உண்மை.

அன்றைக்குத்தான் நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். ஓய்வுபெற்றவனுக்குப் பொழுது எப்படிப் போகும் என்று நீங்கள் இன்னும் கொஞ்ச வருஷத்தில் தெரிந்துகொள்வீர்கள். மனைவி மகள் வீட்டில் இருக்கிறாள். கோயம்புத்தூர் வெயில் அவளுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு இந்தக் குளிரும் ஒரு மேஜையும் போதும். பிஸ்டலைப் பிரித்துத் துணியில் பரப்பி வைத்தபோது இத்தனை வருஷமாக வராத ஒரு சந்தோஷம் வந்தது. குழலின் உட்புறம் சொரசொரப்பாக இருந்தது. மனைவியின் ஸ்வெட்டர் ஊசியில் பஞ்சைச் சுற்றி, குத்துவிளக்குத் துலக்குகிற பொடியைத் தொட்டு, கண்ணாடி மாதிரி ஆகும்வரை தேய்த்தேன். காற்று கசிகிற இடத்தில் பிளம்பர் சுற்றுகிற வெள்ளை டேப். உள்ளே இருந்த பிசுக்கை எடுக்க நம்ம ஊர் யூகலிப்டஸ் தைலம். அதுதான் தப்பாகப் போனது. தைலம் உள்ளே இருந்த சின்ன ரப்பரைத் தின்றுவிட்டது. ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவரிடம் வால்வு ட்யூப் கொஞ்சம் வாங்கி, பிளேடால் அறுத்து, இடத்தில் உட்கார வைத்தேன். பிறகு கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங். ஒவ்வொன்றும் மாறும்போது குண்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. முதல் பிள்ளை நடக்கப் பழகுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

குரங்குகள் வருவது நின்றுவிட்டது. அங்கேயே நானும் நின்றிருக்கலாம்.

இப்போது சர்வேயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு மேலிருந்து கீழே இறங்குகிற ஒற்றையடிச் சரிவு. ஒரு பக்கம் கருங்கல் சுவர், மறுபக்கம் கம்பி அறுந்த பள்ளம். மேலே வளைவில் ஒரு மின்கம்பம், அது இரண்டாவது கம்பம். கீழே, சுவரிலிருந்து ஊற்று கசிந்து எப்போதும் புல் பச்சையாக இருக்கிற இடத்தில் இன்னொன்று, அது முதல் கம்பம். அதற்கும் கீழே என் வீடு. இன்னும் கீழே மெயின் ரோட்டில் ஜாசிம் டீக்கடை. சர்வேயர் வீடு வளைவுக்கு மேலே. தினமும் காலையில் இரண்டு கம்பத்தையும் தாண்டி, என் ஜன்னலுக்கு முன்னால் "மாஸ்டர், வாரீகளா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு டீக்கு இறங்குவார்.

ஜாசிம் கடை பெஞ்சில் பேசுவது என் வேலை. திருத்துவது சர்வேயர் வேலை. கன்னிவாடி கேம்ப்பில் ஐந்நூறு பையன்களைப் புயல் மழையில் கூடாரம் இல்லாமல் காப்பாற்றினேன் என்று நான் சொன்னால், அவர் டீயை ஊதிக்கொண்டே, "அம்பது பேருங்க மாஸ்டர். மழைகூடத் தூறல்தான். நான் அன்னைக்குக் கன்னிவாடில அளவு போட்டுக்கிட்டு இருந்தேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஊருக்கே நாங்கள் இரட்டை மாடு. அவர் மனைவி சண்முகசுந்தரி அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நூலில், ஒரே அரக்கு நிறத்தில், குரங்குக் குல்லா பின்னிக் கொடுத்திருந்தார். பின்னாலிருந்து பார்த்தால் எது மாஸ்டர், எது சர்வேயர் என்று தெரியாது என்று ஜாசிம் சொல்லுவான்.

அந்தக் கிழட்டுக் காட்டுமாட்டுக்குத் தாசில்தார் என்று பெயர் வைத்ததும் சர்வேயர்தான். தனக்குத் தோன்றிய நேரத்துக்கு வரும், உட்கார்ந்தால் யாராலும் எழுப்ப முடியாது, எதிரே போகிறவன்தான் பார்த்துப் போக வேண்டும் என்பார். "என்னோட பழைய ஆபீசர்" என்று ஒவ்வொரு நாளும் அதைக் கடக்கும்போது நின்று, குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அது தன்னை ஒருமுறை பார்க்கும்வரை காத்திருப்பார். பார்த்ததும் சுவரை ஒட்டி மெதுவாக நடந்து வருவார். முதலில் அது அவருடைய வேடிக்கையாக இருந்தது. அப்புறம் தெருவில் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள்கூடத் தொப்பியைக் கழற்றி, பேச்சை நிறுத்தி, "போறேன் சாமி" என்று சொல்லிக் கடப்பார்கள். காட்டுமாடு யானை அளவு இருக்கும், மேடம். சரி, யானை அளவு இல்லை. ஜீப் அளவு. அது ஒரு மூச்சு விட்டால் புல் எல்லாம் சாயும். ஆனால் யாரையும் ஒரு முறைகூட அது முறைத்ததில்லை.

பிஸ்டல் நன்றாக வந்த சமயத்தில் நான் பெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னேன். என் ஜன்னலிலிருந்து சுட்டு, இரண்டாவது கம்பத்தடியில் மதில்மேல் வைத்த டப்பாவைத் தட்டிவிட்டேன் என்று.

சர்வேயர் டீயை ஊதுவதை நிறுத்தினார். "முதல் கம்பமா இருக்கும் மாஸ்டர்."

"ரெண்டாவது."

"ஊத்துக்கிட்ட நிக்குதே, அதைச் சொல்றீகளா?"

"அது முதல் கம்பம்னு எனக்குத் தெரியாதா? நான் சொல்றது வளைவுல நிக்குறது."

"அப்ப வாங்க, வெரசா பாத்துருவோம். எனக்கும் வேற சோலி இல்ல. ஏலே ஜாசிம், காலி டப்பா ஏதாச்சும் கெடக்கா?"

"கெடக்கு சார். ஆனா மாஸ்டர் சுட்டா டப்பா பழநி பஸ் ஸ்டாண்டுல போயி விழும். யாரு போயிப் பொறுக்கிட்டு வாரது?"

கடையில் இருந்த எல்லோரும் கிளம்பி வந்தார்கள். சர்வேயர் வீட்டுக்குப் போய்த் தன்னுடைய பழைய நாடா டேப்பை எடுத்து வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் அதை எண்ணெய் போட்டு வைத்திருந்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். முதல் கம்பத்தில் டப்பா டங்கென்று விழுந்தது, ஜாசிம் கைதட்டினான். இரண்டாவது கம்பத்துக்குக் குண்டு போகவில்லை. எத்தனை தடவை சுட்டாலும் பாதி வழியில் களைத்துப் போய் ரோட்டில் உருண்டது. சர்வேயர் கடைசிக் குண்டைப் பொறுக்கி, ஊதித் தூசி தட்டி, என் உள்ளங்கையில் வைத்தார். "நல்ல சாமான்தான் மாஸ்டர். முதல் கம்பம் வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது."

கேலியாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைப் பற்றி நான் அப்புறம் நிறைய யோசித்திருக்கிறேன்.

அன்றையிலிருந்து எனக்கு முதல் கம்பம் மாஸ்டர் என்று பெயர். பழகப் பழக அதில் சிரிப்புகூட இல்லாமல் போய்விட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் அந்தப் பெயரில்தான் வழி விசாரித்தார். விடுமுறைக்குத் தாரணியும் மருமகன் ஆனந்தும் வந்தார்கள். ஜாசிம் அவரிடம், "முதல் கம்பம் மாஸ்டர் மருமகனா நீங்க, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். காரணம் கேட்டார் மருமகன். சர்வேயர் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். தாரணி சிரித்துக்கொண்டே, "அங்கிள், அப்ப எங்கப்பா பாச்சலூர்ல சிறுத்தையோட கண்ணோடு கண்ணு நின்னதாச் சொல்லுவாரே, அது?" என்று கேட்டாள்.

அவள் ஐந்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை அது. காய்ச்சல் வந்தால் அந்தக் கதையைச் சொன்னால்தான் மருந்து குடிப்பாள்.

சர்வேயர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளிடம், "பெரிய பூனைம்மா. காட்டுப்பூனை. ஆனா இருட்டுல உங்கப்பா நகராம நின்னாரு பாரு, அது உண்மை" என்றார்.

தாரணி சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் கணக்குப் போடுகிற மாதிரி பார்த்தாள், மேடம். நான் அவளுக்குச் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து அளந்து பார்க்கிற மாதிரி. ஊருக்குப் போன பிறகு போனில், "அப்பா, இது நிஜமா, இல்ல உங்க கணக்கா?" என்று கேட்க ஆரம்பித்தாள். கீழ் வீட்டில் பேரிக்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது என்று சொன்னால்கூட அப்படிக் கேட்டாள்.

அதனால் நான் மறுபடி ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். இரண்டாவது கம்பத்தை எட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. இதில் என்ன தவறு இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒரு மனிதன் தான் சொன்ன வார்த்தைக்குப் பொருத்தமாகத் தன் சாமானைத் திருத்திக்கொள்கிறான். கனமான குண்டு வரவழைத்தேன். இன்னும் விறைப்பான ஸ்பிரிங். அது டக்கென்று அடிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது; சர்வேயர் காதில் விழுந்தால் டேப்போடு வந்துவிடுவார். உள்ளே மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டியிருந்தது. கம்பளித் துணியைத் தேடினேன். கையில் அகப்பட்டது என் குரங்குக் குல்லா. உச்சியிலிருந்து ஒரு சின்ன வட்டம் வெட்டி எடுத்தேன். சரியாகப் பொருந்தியது. அதன் பிறகு பிஸ்டல் சுட்டால், பக்கத்து அறையில் யாரோ புத்தகத்தை மூடுகிற சத்தம்தான்.

ஒரு நாள் டப்பாவுக்கு வைத்த குண்டு குறி தவறியது. முதல் கம்பத்தடியில் ஊற்றுப் புல்லை மேய்ந்துகொண்டிருந்த தாசில்தாரின் மூக்கில் பட்டது. அவ்வளவு பெரிய உடம்பு, அரிசி அளவு வலிக்கு இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. தலையைச் சுவர்ப் பக்கமாக ஒரு வீச்சு வீசியது. கொம்பு கருங்கல்லில் பட்டுப் பொறி பறந்தது. பொறி நான் சேர்த்தது. கீறல் விழுந்தது உண்மை. பிறகு அது சுற்றிலும் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டதுபோல மறுபடி மேய ஆரம்பித்தது.

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. மறுநாளும் பார்க்கலாம் என்று தோன்றியது. மறுநாளும் சுவர்ப் பக்கம்தான் வீசியது. பள்ளத்துப் பக்கம் அது ஒருபோதும் திரும்பவில்லை. அங்கே கால் வைக்க இடமில்லை என்று அதற்குத் தெரியும். என்.சி.சி.யில் நாங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே பழக்கத்தைத்தான். விசில் அடித்தால் திரும்ப வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. தாசில்தார் நல்ல மாணவன். கொஞ்ச நாளில் குண்டு பட்டவுடனே யோசிக்காமல் வீசியது.

சுவரில் கீறல்கள் கூடின. சர்வேயர் கண்ணுக்கு அது தப்புமா? ஒரு காலையில் பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடிக்காமலே வைத்திருந்தார்.

"தாசில்தார யாரோ சீண்டுறாங்க மாஸ்டர். சொவத்துல கொம்பு போட்டுருக்கு. அது அப்படிப் பண்ற ஆளே இல்ல."

"டூரிஸ்ட் பசங்களா இருக்கும்" என்றேன்.

"பசங்க எப்பவாச்சும் பண்ணுவானுக. இது தெனமும் நடக்குது. பாரஸ்ட்ல ஒரு வார்த்தை சொல்லி வைக்கணும்." பிறகு என் தோளைத் தொட்டார். "உங்க ஜன்னலுக்கு நேராத்தான் நிக்குது. கொஞ்சம் பாத்துக்கோங்க மாஸ்டர். உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது."

ஜாசிம் உள்ளேயிருந்து, "முதல் கம்பம் வரைக்கும் தப்பாது சார்" என்றான்.

சர்வேயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. டீ கொஞ்சம் வேட்டியில் சிந்தியது. நானும் சிரித்தேன். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். பார்த்துக்கொண்டேன்.

போன வாரம் அந்தக் காலையில் மஞ்சு இறங்கியிருந்தது. வளைவு அடியோடு தெரியவில்லை. கம்பத்து விளக்கு அணைக்கப்படாமல் பால் கலந்த டீ நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதனடியில் தாசில்தார் நின்றது. நான் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். சர்வேயர் மஞ்சுக்குள்ளிருந்து இறங்கி வந்தார். மாட்டைப் பார்த்தார். நின்றார். சீண்டப்பட்ட மாடு, இன்றைக்குச் சுற்றிப் போகலாம் என்று வேறு யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள். அவர் அப்படி இல்லை. பயந்து விலகினால் அது மனசு கஷ்டப்படும் என்று நினைக்கிற மனிதர். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அது நிமிர்ந்து அவரைப் பார்த்தது. அவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. பிறகு சுவரை ஒட்டி நடந்து வந்தார்.

அவர் மாட்டின் தலைக்கு நேராக வந்தபோது நான் மூக்கில் சுட்டேன்.

புத்தகத்தை மூடுகிற சத்தம். அது நன்றாகப் பழகியிருந்தது. சுவர்ப் பக்கம் ஒரே வீச்சு.

மாடு அவரைத் துரத்தவில்லை, மேடம். மிதிக்கவும் இல்லை. ஒரே ஒரு முறை. பிறகு குனிந்து மோந்து பார்த்தது. பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போய்த் தலையைத் தொங்கப் போட்டு நின்றது. அவர் "மாஸ்டர்" என்று கூப்பிட்டார். பக்கத்தில் என் வீடுதானே. இன்னொரு முறையும் கூப்பிட்டார். வழக்கமாக அவர் அப்படிக் கூப்பிட்டால் ஏதாவது ஒன்றைத் திருத்துவதற்காகத்தான் இருக்கும். நான் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பிஸ்டலைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தேன். சத்தம் இல்லாமல் போன பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, கத்திக்கொண்டே ஓடினேன்.

ஜாசிம் கடையில் அன்றைக்கு நான் சொன்னதைத்தான் ரேஞ்சர் எழுதி வைத்திருக்கிறார். மாடு வளைவிலேயே பதுங்கி நின்றது என்று சொன்னேன். கண் இரண்டும் காளவாய் மாதிரி சிவந்திருந்தது என்றேன். துரத்தித் துரத்தி முட்டியது, போய்விட்டு மூன்று முறை திரும்பி வந்தது என்றேன். ஜாசிம் அழுதுகொண்டிருந்தான். சொல்லி முடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் என் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நான் சொன்ன ஒன்று சொன்னபடியே நின்றது. அந்த நிமிடம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாமல் போவது எனக்கு அபூர்வம்.

அப்படி நான் அழகாகச் சொன்னதால்தான் மாட்டை ஆட்கொல்லி என்று முடிவு செய்து ஊசி போட வருகிறார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

நேற்று சண்முகசுந்தரி அம்மா என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. நிலைப்படியில் நின்றபடியே பேசினார்.

"மாஸ்டர், பாரஸ்ட்காரங்ககிட்ட கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். மாட்டை விட்டுருங்கன்னு. நீங்க கண்ணால பாத்ததாச் சொன்னதுதான் அவங்களுக்குக் கணக்காம். என்னை ஒரு பேச்சுக்கும் எடுக்க மாட்டேங்கறாங்க."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"தூக்குறப்ப அவரு கையில குல்லா இருந்துச்சு. தலையில இல்ல, கையில. தொரத்திட்டு வர்ற மாட்டுக்கு முன்னாடி எவனாச்சும் நின்னு குல்லாயக் கழட்டுவானா மாஸ்டர்?"

"பதட்டத்துல..."

"அவரு பதட்டப்பட்டு நீங்க பாத்துருக்கீகளா?" அவர் குரல் ஏறவே இல்லை. "அந்த மாட்டுக்கு ஒண்ணு ஆனா அவரு தாங்க மாட்டாரு. நீங்க கூட்டிச் சொல்லுவீகன்னு அவரே எங்கிட்டச் சொல்லிச் சிரிப்பாரு. மாஸ்டர் சொன்னாத்தான் ஊரே அழகா இருக்குன்னுவாரு. இதுல மட்டும் கூட்டாதீங்க. என்ன நடந்துச்சோ அத மட்டும் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். போகத் திரும்பியவர் என் தலையைப் பார்த்தார். "இந்தக் குளிர்ல வெறுந்தலையா நிக்கிறீக. உங்க குல்லா எங்க? ஒரே நூல்லதானே ரெண்டும் போட்டேன்."

துவைக்கப் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

அதனால்தான் வந்தேன். மாட்டைச் சுட்டது நான். அதன் தலை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்து, சர்வேயர் அந்தப் பக்கம் வரும்வரை காத்திருந்து சுட்டேன். குரங்கை விரட்ட வாங்கிய பொம்மையால், மனிதன்மேல் ஒரு குண்டுகூடப் படாமல், சுப்புராஜைக் கொன்றவன் நான். இந்த வரியில் நான் எதையும் சேர்க்கவில்லை.

காலையில் நான் இதைச் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. குற்றமில்லை. ஜாசிமிடம் விசாரித்தீர்கள், "மாஸ்டர் எதுக்கும் கூட்டித்தான் மேடம் சொல்வாரு, சர்வேயர் சார் போன துக்கத்துல பேசுறாரு" என்று அவன் சொல்லியிருக்கிறான். ஆனாலும் நீங்கள் பிஸ்டலை எடுத்துக்கொண்டு போய் என் ஜன்னலிலிருந்து சுட்டுப் பார்த்தீர்கள். அதற்காக உங்கள்மேல் எனக்கு மரியாதை. உள்ளே இருந்த அரக்குக் கம்பளியையும் கண்டுபிடித்தீர்கள். திரும்பி வந்து பொறுமையாகச் சொன்னீர்கள்: முதல் கம்பத்தடியில் டப்பா நசுங்குகிறது, அங்கே நிற்கிற மாட்டின் மூக்கில் பட்டால் துள்ளத்தான் செய்யும், ரத்தக் கறையும் அங்கேதான் இருந்தது. ஆனால் மாஸ்டர், காலையில் நீங்கள் இரண்டாவது கம்பம் என்றீர்கள். அங்கே குண்டு போய்ச் சேரவே இல்லை. இரண்டாவது கம்பம் என்று எழுதிக் கொடுத்தால் இதுவும் டீக்கடையில் சொன்ன மாதிரி இன்னொரு கதை, இதை வைத்துக்கொண்டு ரேஞ்சரிடம் நான் என்ன பேசுவது? முதல் கம்பம் என்று எழுதுங்கள், இப்போதே போன் பண்ணி ஊசியை நிறுத்துகிறேன் என்றீர்கள்.

நீங்கள் சொன்னதை நான் யோசிக்காமல் இல்லை. ஏட்டையா கொண்டுவந்த டீ ஆறிப் போகும்வரை யோசித்தேன்.

ஒரு விஷயத்தை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை, மேடம். அன்றைக்கு மஞ்சு. ஈரக் காற்றில் குண்டு நன்றாகப் போகும். இன்றைக்கு வெயிலில் சுட்டுப் பார்த்தால் எப்படி எட்டும்? ரத்தக் கறை முதல் கம்பத்தடியில் இருந்ததற்கும் காரணம் இருக்கிறது. தாசில்தாரின் பலம் உங்களுக்குத் தெரியாது. வளைவில் முட்டிய முட்டில் சர்வேயர் அங்கிருந்து பறந்து, பள்ளத்துக் கம்பிக்கு மேலாக வந்து, ஊற்றுப் புல்லில் விழுந்தார். குல்லாவைக் கையிலிருந்து விடாமலே பறந்தார். நான் கண்ணால் பார்த்தேன்.

மாட்டை நினைத்தால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சண்முகசுந்தரி அம்மாவிடம் நான் முயற்சி செய்தேன் என்று சொல்லுங்கள். தாரணி கேட்டால் இந்தக் காகிதத்தை அப்படியே காட்டுங்கள்.

கம்பம் இரண்டாவதுதான். இல்லை என்பவர் டேப்பை எடுத்துக்கொண்டு வரட்டும்.